சுவரில் இரண்டு தட்டு

டக், டக்.

டஸ்டரின் மரப்பக்கத்தால் சுவரில் இரண்டு தட்டு. இந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஏழெட்டுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு, திறந்த வாயை மூட மறந்து என்னைப் பார்க்கிறார்கள். நான் சுவரைப் பார்க்கிறேன். காரை பெயர்ந்த இடம் ஒன்று அதில் உண்டு. தட்டும்போதெல்லாம் அங்கிருந்து கொஞ்சம் தூள் உதிரும்.

சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு ‘ஏ’. அங்கே கஸ்தூரி டீச்சர் கணக்கு நடத்துகிறார். அவர் தட்டினால் ‘சத்தத்தைக் குறைங்க’ என்று அர்த்தம். ஆள் அனுப்பிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு கணக்கு வீணாகிவிடும். அதனால்தான் தட்டு.

நாங்கள் குரலைக் குறைத்துக்கொண்டு மேலே பாடுவோம். இப்படியே அரை வருஷம் ஓடியது. அந்தத் தட்டு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்த வாரக் கதை.

அப்படி என்ன வேலை?

போன வாரம், வளவனூர் பஸ்ஸில் சுருதிப் பெட்டியை மறந்துவிட்டு நான் மட்டும் இறங்கிய கதையைப் படித்த ஒரு வாசகி, ‘ஸ்கூல்ல பாட்டு டீச்சருக்கு அப்படி என்னதாங்க வேலை?’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் எச்.எம். சாருக்கும் பல வருஷமாக இதே சந்தேகம்தான்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளி. பெயரைக் கேட்காதீர்கள், திங்கட்கிழமை நான் மறுபடி அங்கே போயாக வேண்டும். காலை பிரேயரில் மைக் வேலை செய்யாத நாளில் மைக்காக இருப்பது என் முதல் வேலை. பெரிய மனிதர் யாராவது வந்தால் வரவேற்புப் பாட்டு. அவர் வரத் தாமதமானால் அதே பாட்டு இன்னொரு தடவை. வரவே இல்லையென்றால் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தைக் கழுவி வைப்பது. கோலப்பொடி வாங்குவது, ஜிகினா ஒட்டுவது, விருந்தாளிக்குப் போர்த்த வேண்டிய சால்வையில் கடை ஸ்டிக்கரைப் பிய்ப்பது எல்லாம் ‘அதெல்லாம் பாட்டு டீச்சர் பாத்துப்பாங்க’ என்ற ஒரே தலைப்பில் வரும்.

எங்கள் பள்ளியில் மேடையும் உண்டு. நல்ல மேடை, மேலே கூரை எல்லாம் இருக்கிறது. அதில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வந்த இலவச சைக்கிள்கள் நிற்கும். அவற்றைக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த வருஷத்து சைக்கிள் வந்து இறங்கிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த மேடையில் ஏறி எந்தப் பிள்ளையும் பாடியதில்லை. சைக்கிள்களுக்கு இருக்கும் யோகம் யாருக்கு வரும்?

ஆர்மோனியம் சயின்ஸ் லேபில், எலும்புக்கூடு நிற்கும் பீரோவில் இருக்கிறது. இரண்டும் ஒரே நிலைமையில் இருப்பதால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சுருதிப் பெட்டி போன பிறகு என் செல்போன்தான் சுருதி. பிள்ளைகள் நன்றாகச் சேர்ந்து பாட ஆரம்பிக்கும் நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கூப்பிடுவார். சுருதி நின்றுபோய் ரிங்டோன் அடிக்கும்.

“சிலிண்டர் வந்துக்குது. ஓடிபி வந்துச்சா பாரு, ஜல்தி.”

அவருக்கு நம்பரைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் ரிங்டோன் சுருதியில் நிற்பார்கள். நன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

போர்ஷன் முடியல

கஸ்தூரி டீச்சருக்குச் சொந்த ஊர் கண்டமங்கலம் பக்கம். ஒன்பதுக்கும் பத்துக்கும் அவர்தான் கணக்கு. கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு பை, பையில் எப்போதும் திருத்த வேண்டிய டெஸ்ட் பேப்பர் கட்டு. கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எல்லாம் இழுத்துப் பிடித்துப் பாஸ் பண்ண வைத்தவர். அந்த விஷயத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கும்பிடுகிற நேரத்தில் நம்முடைய பீரியடை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பதுதான் சிக்கல்.

“டீச்சர், இந்தப் பீரியட கொஞ்சம் குடுங்க. போர்ஷன் முடியல.”

மார்ச் மாதம் இதைச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். கஸ்தூரி டீச்சர் ஜூன் மாதம் பள்ளி திறந்த மூன்றாம் நாளே சொல்வார். அப்போது பிள்ளைகளுக்குப் புத்தகமே கொடுத்திருக்க மாட்டார்கள்.

பாட்டுக்கு என்று டைம் டேபிளில் மூன்று பீரியட் போட்டிருந்தது. ஒன்றைக் கணக்கு வாங்கிக்கொண்டது. கணக்குக்குக் கொடுத்தவள் அறிவியலுக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் மனஸ்தாபம் ஆகிவிடும் என்று இன்னொன்றையும் கொடுத்தேன். வாங்கிய பீரியடைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எந்தப் பள்ளியிலும் கிடையாது. மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். பாதிப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பீரியட் அது.

அதற்கும் ஒருநாள் ஆபத்து வந்தது. எச்.எம். சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் ரிசல்ட் என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

“பாட்டு டீச்சர், வெள்ளிக்கெழம கடைசி பீரியட் சும்மாதானே போவுது?”

“சும்மா போகலைங்க சார். பாடறோம்.”

“அதான் சொல்றேன்.” கொஞ்சம் யோசித்தார். “சரி, ஒண்ணு பண்ணுங்க. விழுப்புரத்துல மாவட்டப் போட்டி வருது இல்ல? குழுப் பாட்டுல ஒரு பிளேஸ் வாங்கிக்கினு வாங்க. அப்பறம் அந்தப் பீரியட ஒருத்தரும் தொட மாட்டாங்க, நான் கேரண்டி. வரலன்னா கணக்குக்கு வுட்டுடலாம். என்னா சொல்றீங்க?”

 சரிங்க சார் என்றேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு பீரியடும் போய்விட்டால் பிறகு நான் சால்வை ஸ்டிக்கர் பிய்க்கிற டீச்சர்தான்.

மறந்த காய்

போட்டிக்கு நாட்டுப்புறப் பாட்டு வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது பாடுவார்களா என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். டிவி பாடும் என்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ரெபேக்கா கையைத் தூக்கினாள்.

ரெபேக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டேரிப்பட்டு பக்கத்துப் பிள்ளை. அம்மா கொல்லை வேலைக்கு, அதாவது புஞ்சை நிலத்துக் கூலி வேலைக்குப் போகிறவர். இந்தப் பெண் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவில் யாரோ திரும்பிப் பார்ப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சர்ச்சில் எல்லாருக்கும் மைக்கைக் கிட்டே கொண்டுவருவார்களாம், இவளிடமிருந்து மட்டும் தள்ளி வைப்பார்களாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

“எங்கம்மா ஒண்ணு சொல்வாங்க மிஸ். பாட்டுலாம் இல்ல. மல்லாட்ட பொறுக்கறப்போ வெயில் தெரியாம இருக்க சொல்லிக்கினே இருப்பாங்க.”

மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்து வேர்க்கடலை. அதைப் பிடுங்கி முடித்த கொல்லையில் மண்ணுக்குள் கொஞ்சம் காய் தங்கிவிடும். அதைக் கிளறிப் பொறுக்கிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிப் பொறுக்கும்போது வரும் வரிகள்:

*மல்லாட்ட புடுங்குன கொல்லையில*
*மறந்த காய பொறுக்குறன்*
*மண்ணுக்குள்ள ஒளிஞ்ச காயே*
*என் மடியில வந்து ஒக்காரு.*

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நானும் எல்லாரும் பிடுங்கிக்கொண்டு போன டைம் டேபிளில் மிச்சத்தைப் பொறுக்குகிறவள்தானே.

அதையே பல்லவியாக வைத்து, பிள்ளைகளும் நானும் சேர்ந்து சரணம் கட்டினோம். பல்லவி இரண்டு தடவை. முதல் தடவை எல்லாரும் சேர்ந்து அடக்கமாக. இரண்டாம் தடவை ரெபேக்கா மட்டும் மேலே ஏறி ‘ஒக்காரு’வில் போய் நிற்பாள். அவள் அங்கே நின்றதும் சுவரில் டக், டக் விழும். ஒருநாள் கூடத் தப்பியதில்லை. பிள்ளைகள் மூச்சு வாங்கி, கொஞ்சம் சிரித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சரணம் தொடங்குவார்கள். மெதுவாகத் தொடங்குகிற மாதிரியே சரணத்துக்கும் மெட்டுப் போட்டுவிட்டேன். கஸ்தூரி டீச்சரோடு சண்டை போடுவதைவிட அது சுலபம்.

வேறு இடத்தில் ஒத்திகை பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மேடையில் சைக்கிள். மைதானத்தில் கோ-கோ. லேபில் எலும்புக்கூடு. எங்களுக்கு அந்த வகுப்பும் அந்தச் சுவரும்தான்.

விழுப்புரம் மேடை

போட்டிக்குப் பெண் பிள்ளைகளை அழைத்துப்போக இரண்டு டீச்சர் வேண்டும் என்று எச்.எம். சார் சொல்லிவிட்டார். ஒருவருக்கு ஜுரம், ஒருவருக்குக் கல்யாணம், மற்றவர்களுக்கு உடனே ஏதேதோ வந்தது. கடைசியில் கஸ்தூரி டீச்சர் தலையில் விழுந்தது.

“பேஜாரா பூட்ச்சி. ஒரு நாள் போர்ஷன் போச்சு,” என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார். ஏறியதும் சிவப்புப் பேனாவை எடுத்தார். பஸ் குலுங்கிய குலுக்கலில் யார் யாருக்கோ டிக் நீண்டு பக்கத்துக் கணக்குக்கும் சேர்ந்து மார்க் விழுந்திருக்கும்.

போட்டி ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். எங்கள் பிள்ளைகள் மேடையைப் பார்த்தார்கள். சைக்கிள் இல்லாத மேடையை அவர்கள் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரெபேக்கா என் கையைப் பிடித்தாள், சில்லென்று இருந்தது.

“மிஸ், இங்க சத்தமா பாடலாமா?”

“பாடலாம் கண்ணு. எவ்வளவு வேணும்னாலும் பாடு.”

போட்டி விதியை முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். டீச்சர்கள் கீழே உட்கார்ந்துகொண்டு கை காட்டக் கூடாது, தாளம் போடக் கூடாது. என் கை என் பேச்சைக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் முதல் வரிசையில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கஸ்தூரி டீச்சர் மூன்றாம் வரிசையில், மடியில் டிபன் பாக்ஸோடு.

பல்லவி நன்றாக எடுத்தார்கள். இரண்டாம் தடவை ரெபேக்கா ஏறினாள். அரை வருஷமாக அமுக்கி வைத்திருந்த குரல் அத்தனையும் வெளியே வந்தது. ‘ஒக்காரு’ என்று அவள் போய் நின்றபோது கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. பிளேஸ் வந்துவிட்டது, பீரியட் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஒன்றுமே வரவில்லை.

பிள்ளைகள் அப்படியே நிற்கிறார்கள். சரணம் மறந்துவிட்டதா என்று பதறிப்போய்ப் பார்த்தேன். மறக்கவில்லை. அத்தனை பேரும் ஒன்றாக இடது பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பக்கம்தான் சுவர். இங்கே அந்தப் பக்கம் ஒரு திரையும், தோரணத்துக்குக் கட்டிய வாழை மரமும் இருந்தன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டும் பாட்டில் சேர்ந்ததுதான். தட்டு விழாமல் சரணம் வராது. அந்தத் தட்டு இல்லாமல் மேடை ஏற்றிவிட்டேன். நடுவர்கள் பேனாவைக் கையில் எடுத்தார்கள். எனக்குக் கை துடிக்கிறது. அதன் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

டக், டக்.

மூன்றாம் வரிசையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இரும்பு நாற்காலியில் இரண்டு தடவை மோதியது. நல்ல கணீரென்ற சத்தம். பிள்ளைகளின் முகம் தெளிந்துவிட்டது. மூச்சு வாங்கினார்கள், வழக்கம்போலக் கொஞ்சம் சிரித்தார்கள், குரலைத் தாழ்த்திச் சரணம் தொடங்கினார்கள். கடைசி வரை ஒரு பிசகும் இல்லை. கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது.

முடிவு சொல்லும்போது எங்கள் பெயர் வரவில்லை. வெளியிலிருந்து தாளம் கொடுத்ததால் நீக்கிவிட்டோம் என்றார்கள்.

நான் எழுந்திருப்பதற்குள் கஸ்தூரி டீச்சர் நடுவர் மேஜைக்குப் போய்விட்டார்.

“ஐயா, தாளம்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் கணக்கு டீச்சர். சத்தத்தக் குறைங்கன்னு தட்டுனேன்.”

கண்ணாடி போட்ட நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “போட்டியில பாடற புள்ளைங்கள சத்தத்தக் குறைங்கன்னு யாரும்மா சொல்வாங்க?”

“நான் சொல்வேங்க. அர வருஷமா சொல்லிக்கினுதான் இருக்கறேன்.”

நடுவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விதி விதிதான் என்று கையை விரித்துவிட்டார்.

திரும்பும் பஸ்

ரெபேக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தேம்பினாள். தன்னால்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. 

கஸ்தூரி டீச்சர் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார்.

“கணக்குல பெயிலானப்போ அழுதியா? இதுக்கு அழுவற. சாப்புடு.”

அவள் அழுகையோடு சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

நான் மெதுவாகக் கேட்டேன். “டீச்சர், அந்த எடம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நல்லா கேட்டீங்க. அம்மாம் நாளா அந்தச் செவுத்துக்குப் பக்கத்துல நின்னுக்கினு இருக்கறேன். எனக்குக் காது இல்லையா? அது மேல போயி நின்னுச்சுன்னா என் கை தானா போவுது.” டெஸ்ட் பேப்பர் கட்டை எடுத்தார். பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். “நான் தட்டாம இருந்திருக்கணும். அதுங்க எப்பிடியாச்சும் ஆரமிச்சிருக்கும்.”

“ஆரம்பிச்சிருக்காது டீச்சர்.”

 கூட்டேரிப்பட்டில் ரெபேக்கா இறங்கும்போது கஸ்தூரி டீச்சர், “திங்கக்கெழம டெஸ்ட்டு, மறந்துடாத,” என்றார்.

தலைவலி

எச்.எம். சார் சொன்ன சொல் மாறாதவர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ‘பாட்டு’ என்பதை அடித்து ‘கணக்கு’ என்று எழுதிவிட்டார். கஸ்தூரி டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, பத்தாம் வகுப்பிலிருந்தபடியே இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் சால்வையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. கஸ்தூரி டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், இந்தப் பீரியட கொஞ்சம் எடுத்துக்கோங்க. எனக்குத் தல வலிக்குது. ரெண்டு கிளாஸ பாத்துக்க முடியாது.”

“கணக்கு போடச் சொல்லவா?”

“அது உங்க இஷ்டம்.”

“அப்போ போர்ஷன்?”

“முடிஞ்சிட்ச்சி.”

அரையாண்டுத் தேர்வே இன்னும் வரவில்லை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நானோ, என்னைவிட மூத்த டீச்சர்களோ அதற்கு முன் கேட்டதில்லை. சால்வையை மேஜையில் போட்டுவிட்டு நடந்தேன்.

வகுப்பில் கரும்பலகை நிறையக் கணக்கு. பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மூடினார்கள். எச்.எம். சார் காதில் விழுந்துவிடப் போகிறது என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். கிசுகிசு என்று பல்லவி பாடினார்கள். ரெபேக்காவும் மேலே ஏறாமல் முணுமுணுத்தபடி ‘ஒக்காரு’வில் போய் நின்றாள். எல்லாரும் சுவரைப் பார்த்தோம்.

தட்டு விழவில்லை.

காத்திருந்தோம். அப்போதும் இல்லை. ரெபேக்காவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. அவள் தோளைத் தொடலாம் என்று நான் எழுந்தபோது, டஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கஸ்தூரி டீச்சரே வாசலில் வந்து நின்றார். முகத்தில் நல்ல கோபம்.

“இன்னா டீச்சர் இது, புள்ளைங்க மத்தியானம் சாப்புடலையா? அந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கல. கேட்டாத்தானே நான் தட்டுவேன்.”

சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்குப் போய்விட்டார்.

ரெபேக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். அன்றைக்கு அவள் பாடியது மைதானத்தில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ‘ஒக்காரு’ என்று அவள் போய் நின்றதும் சுவரில் தூள் உதிர்ந்தது.

டக், டக்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சரணம் தொடங்கினார்கள். டைம் டேபிளில் அந்தப் பீரியட் இன்றைக்கும் கணக்குதான்.